கோழி வளர்ப்போரும் ரேடியோ யோசனைகளும்

ரேடியோவில் கூறப்படும் யோசனை ஒரு முறை காதில் விழுந்து மறைந்துவிடும். அதைக் கோழி வளர்ப்போர் பயன்படுத்திக் கொள்வதற்குத் தனித்துக் கேட்பதைக் காட்டிலும் கூடிக் கேட்பதே சிறந்த வழியாகும்.

1956-ம் வருஷத்தில் புனாவைச் சேர்ந்த பகுதியில் 5 ஜில்லாக்களின் கிராமவாசிகள் குழுக்களாகக் கூடி, ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, தங்கள் சந்தேகங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். பின்னர் பரீட்சித்துப் பார்த்ததில், குழுக்கள் இருந்த கிராமங்களில் விஷய ஞானம் வெகுவாக விருத்தியடைந்திருந்தது. ரேடியோப் பெட்டி இருந்தும் குழு இல்லாத கிராமங்களில் அபிவிருத்தி சொற்பமே.

கோழி வளர்ப்பில் இதன் அவசியம் இன்னும் அதிகம். வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கேட் நோய் ஒரு வீட்டில் புகுந்தால் தெரு முழுவதும் பரவும். முட்டை விற்றுக் குடும்பச் செலவைச் சமாளிக்கும் பெண்களின் வருமானம் சில நாட்களில் அற்றுப்போகும். நோய் கண்ட பின் அதற்குச் சிகிச்சை இல்லை. முன்கூட்டித் தடுப்பதே வழி. முதல் வாரத்தில் குஞ்சுகளின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலின் கீழ் ஊசியும் போடப்படுகின்றன. இம்மருந்து உஷ்ணத்தில் கெட்டுவிடும். கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்திற்குள் செலவாக வேண்டும். ஒரு புட்டி பெரும்பாலும் 100 கோழிகளுக்குப் போதும் அளவில் வருகிறது. பத்துக் கோழி உள்ளவர் தனியே வாங்கினால் மீதி வீணாகும். பத்து வீட்டார் சேர்ந்தால் ஒரு துளியும் வீணாகாது.

ஆகையால் சங்க அங்கத்தினர்கள் கைக்கொள்ளத்தக்க முறை இதுவாகும். ஒலிபரப்பு நேரத்தில் ஓரிடத்தில் கூடவேண்டும். எழுதத் தெரிந்த ஒருவர் மருந்தின் பெயர், கோழியின் வயது, அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். விளங்காதவற்றைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுத் தெளியவேண்டும். கூடுவாஞ்சேரி வட்டாரத்தார்க்கு, அண்மையிலுள்ள காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இறுதியாக, ஊர் முழுவதற்கும் ஒரே நாளைக் குறித்து, ஐஸில் வைத்து மருந்தைக் கொண்டுவந்து போட்டு முடிக்கவேண்டும். நோயுற்ற கோழிகளை அன்று ஒதுக்கிவைத்தல் அவசியம்.

ஒரு வீடு விடுபட்டாலும் நோய்க்கு அதுவே வாயிலாகும். கேட்டதை ஊரார் ஒன்றுகூடிச் செய்கையில் காட்டினாலன்றி ரேடியோவினால் விளையும் நன்மை யாதுமில்லை.