ஆள்களப் பெயர் தரிப்பு

ஆள்களப் பெயர் தரிப்பு அல்லது டொமைன் பார்க்கிங் என்பது, பதிவு செய்யப்பட்டிருந்தும் தனக்கென இணையத்தளம் எதுவும் அமைக்கப்படாத ஓர் ஆள்களப் பெயரை, இடைக்காலப் பக்கம் ஒன்றுக்குச் சுட்டி வைப்பதாகும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதைப் போலப் பெயரைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. அப்பக்கத்தில் "தளம் விரைவில் வரும்" என்னும் அறிவிப்பு மட்டும் இருந்தால் அதனால் வருவாய் எதுவும் இல்லை. விளம்பர இணைப்புகள் வைக்கப்பட்டு, பார்வையாளர் அவற்றைச் சொடுக்கும்போது உரிமையாளருக்குப் பணம் கிடைக்குமாயின் அது வருவாய்த் தரிப்பு எனப்படும். இக்கட்டுரை இவ்விரண்டாம் வகையைப் பற்றியது.

படிப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு பக்கம் எவ்வாறு பணம் ஈட்ட முடியும் என்னும் ஐயம் இயல்பாகவே எழும். பார்வையாளர் அப்பக்கத்துக்கு எவ்வாறு வந்து சேருகின்றார் என்பதைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

பார்வையாளர் வரும் வழிகள்

தேடுபொறிகள் தரிப்புப் பக்கங்களைப் பொதுவாகத் தம் முடிவுகளில் காட்டுவதில்லை. எனவே இவற்றுக்கு வருவோர் வேறு வழிகளில் வருகின்றனர். முதலாவது ஊகம். மெழுகுவர்த்தி வாங்க விரும்பும் ஒருவர், தேடுபொறிக்குச் செல்லாமல், அப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுடன் ".காம்" என்பதைச் சேர்த்து உலாவியின் முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டச்சு செய்கின்றார். அப்படி ஒரு தளம் இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. இவ்வாறு வருபவர் பெரும்பாலும் வாங்கும் எண்ணத்தோடு வருபவர் என்பதால் விளம்பரதாரருக்கு மதிப்பு மிக்கவர். பொதுச் சொற்களால் ஆன ".காம்" பெயர்கள் பெரும் விலைக்கு விற்கப்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இரண்டாவது பிழை. புகழ்பெற்ற ஒரு தளத்தின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டோ, இரண்டு எழுத்துகளை இடம் மாற்றியோ, ".காம்" என்பதில் "ஓ" எழுத்தைத் தவற விட்டோ தட்டச்சு செய்பவர்கள் நாள்தோறும் உள்ளனர். கடைசியாகக் கூறிய பிழையால் கமரூன் நாட்டுக்குரிய ".சிஎம்" களத்துக்குச் சென்று சேர நேரும். 2006 ஆகத்து மாதத்தில் அக்களத்தில் பதிவு செய்யப்படாத பெயர்கள் அனைத்தும் விளம்பரப் பக்கம் ஒன்றுக்குத் திருப்பப்பட்டன. ஒரு நாட்டின் களம் முழுவதுமே தரிப்பிடமாக மாறியதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாவது, பழைய இணைப்புகள். முன்பு ஒரு தளம் இயங்கி வந்த பெயர் காலாவதியான பின்னரும், அதனைச் சுட்டும் இணைப்புகள் பிற பக்கங்களில் நிலைத்திருக்கும். அவற்றைப் பின்தொடர்ந்து வருபவர்கள் புதிய உரிமையாளரின் விளம்பரப் பக்கத்தை வந்தடைவர்.

பணம் பாயும் முறை

உரிமையாளர் தம் பெயருக்கான பெயர் வழங்கிகளின் முகவரியை மாற்றி, தரிப்புச் சேவை வழங்கும் நிறுவனத்தின் வழங்கிகளைக் குறிப்பிடுவார். செருமனியின் கோல்ன் நகரைச் சேர்ந்த சீடோ இவ்வகை நிறுவனங்களில் பரவலாக அறியப்பட்ட ஒன்று. அந்நிறுவனம் பெயரில் உள்ள சொற்களைக் கொண்டு பொருத்தமான திறவுச்சொற்களைத் தெரிவு செய்து பக்கத்தை உருவாக்கும். பல பக்கங்களில் முதலில் தெரிவன விளம்பரங்கள் அல்ல, தொடர்புடைய தலைப்புகளே. பார்வையாளர் ஒரு தலைப்பைச் சொடுக்கிய பின்னரே விளம்பரங்கள் தோன்றும். அதிலும் ஒன்றைச் சொடுக்கினால்தான் வருவாய் உண்டாகும்.

விளம்பரதாரர் செலுத்தும் தொகை முதலில் விளம்பர வலையமைப்புக்குச் செல்லும். அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தரிப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கும். தரிப்பு நிறுவனமும் தன் பங்கைக் கழித்த பின்னர் எஞ்சுவதே உரிமையாளரைச் சேரும். உரிமையாளர் தாமே தம் விளம்பரங்களைச் சொடுக்குவதும், பிறரைக் கொண்டு சொடுக்கச் செய்வதும் சொடுக்கு மோசடி எனக் கருதப்பட்டுக் கணக்கு முடக்கப்படும்.

இதில் எவ்வளவு ஈட்டலாம் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு பெயருக்கு நாளொன்றுக்கு ஒரு பார்வையாளர் வருகின்றார் எனவும், பத்துப் பேரில் ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்குகின்றார் எனவும், சொடுக்கு ஒன்றுக்கு உரிமையாளருக்கு 30 சென்ட் கிடைக்கின்றது எனவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 36 சொடுக்குகள். வருவாய் ஏறத்தாழ 11 டாலர். ".காம்" பெயருக்குப் பதிவகம் பதிவாளரிடம் பெறும் மொத்த விலையே 2024 செப்டெம்பர் முதல் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆகும். பதிவாளரின் இலாபத்தையும் சேர்த்தால் உரிமையாளருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எனவே நாளொன்றுக்கு ஒருவர் கூட வராத பெயரைத் தரித்து வைப்பது பெரும்பாலும் இழப்பே. இதை வீட்டிலிருந்தே எளிதாகச் செய்யக்கூடிய தொழில் எனக் கூறி நூல்களும் பயிற்சிகளும் விற்றவர்கள் இக்கணக்கை விரிவாகச் சொல்வதில்லை. பணம் ஈட்டியவர்கள், இணையத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே நல்ல சொற்களைப் பதிந்தவர்களும், ஆயிரக்கணக்கில் பெயர்களை வைத்திருந்தவர்களுமே ஆவர்.

வரலாறு

1995 செப்டெம்பர் வரை ".காம்" பெயர்களைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. அம்மாதத்தில் நெட்வொர்க் சொலூசன்சு நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் எனக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பெயரை வைத்திருப்பது செலவாகியதும், அச்செலவை ஈடு செய்யும் வழியையும் சிலர் தேடினர். 1998 இல் கோடூ.காம் என்னும் தேடுபொறி, சொடுக்குக்கு விலை கூறி ஏலம் எடுக்கும் விளம்பர முறையை அறிமுகப்படுத்தியது. இது 2001 இல் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறி, 2003 இல் யாகூ நிறுவனத்தால் வாங்கப்பட்டது. அதே 2003 இல் அப்ளைடு செமாண்டிக்சு நிறுவனத்தைக் கூகிள் வாங்கியது. ஆட்சென்சு விளம்பரங்களுக்கு உதவிய தொழில்நுட்பத்துக்காக இக்கொள்முதல் நினைவுகூரப்படுகின்றது. ஆனால் தரித்த பெயர்களுக்கு விளம்பரம் அளிக்கும் சேவையும் அந்நிறுவனத்திடம் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

2004 நவம்பரில், சியாட்டில் நகரின் மார்ச்செக்சு நிறுவனம் 1,00,000 க்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்ட ஒரு தொகுப்பை ஏறத்தாழ 16.4 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வெறும் பெயர்களுக்கு இத்தொகையா எனப் பலர் வியந்தனர்.

இதற்கு முந்தைய ஆண்டில் இன்னும் பெரிய முயற்சி ஒன்று நிகழ்ந்திருந்தது. ".காம்", ".நெட்" களங்களின் பதிவகமான வெரிசைன், 2003 செப்டெம்பர் 15 அன்று, எவராலும் பதியப்படாத பெயர்கள் அனைத்தையும் தன் சைட் ஃபைண்டர் பக்கத்துக்குத் திருப்பியது. இதனால் உலகில் ".காம்" பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்த அனைவரும் ஒரே நிறுவனத்தின் பக்கத்துக்குச் சென்றனர். பெயர் இல்லை என்னும் மறுமொழியை நம்பி இயங்கிய எரித வடிகட்டிகள் முதலிய மென்பொருள்கள் குழம்பின. ஐகான் அமைப்பின் வலியுறுத்தலால் அக்டோபர் 4 அன்று இது நிறுத்தப்பட்டது. தனியாள் ஒருவர் சில பெயர்களில் செய்வதைப் பதிவகம் எல்லாப் பெயர்களிலும் செய்தது என்பதே வேறுபாடு. ஆயினும் பதிவகம் அப்பெயர்களுக்குக் கட்டணம் எதுவும் செலுத்தவில்லை.

ஐந்து நாள் சோதனை

பதிவு செய்த பெயரை ஐந்து நாட்களுக்குள் நீக்கினால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் சலுகைக் காலம் ஒன்று உண்டு. பிழையாகப் பதிந்தவர்களுக்கு உதவும் நோக்கிலேயே இது அமைந்தது. மேலே கூறிய கணக்கை நினைவில் கொண்டால், இச்சலுகை எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது விளங்கும். பதிவாளர் சிலர் இலட்சக்கணக்கான பெயர்களைத் தானியங்கி முறையில் பதிந்து, ஐந்து நாட்கள் விளம்பரத்துடன் தரித்து, ஆண்டுக் கட்டணத்தை மிஞ்சும் அளவு வருவாய் தருபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் திருப்பினர். இது பெயர்ச் சுவைத்தல் எனப்பட்டது. திருப்பிய பெயரை உடனே மீண்டும் பதிந்து, கட்டணமே செலுத்தாமல் வைத்திருந்தவர்களும் உண்டு.

2008 இல், ஐந்து நாட்களுக்குக் குறைவான பெயர்களுக்கு விளம்பரம் அளிப்பதில்லை எனக் கூகிள் முடிவு செய்தது. அதே ஆண்டில் ஐகான், வரம்புக்கு மேல் நீக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் 20 சென்ட் கட்டணம் விதித்தது. 2009 இல் அக்கட்டணம் உயர்த்தப்பட்டது. நீக்கல்கள் 99.7 விழுக்காடு குறைந்ததாக ஐகான் பின்னர் தெரிவித்தது. இருபது சென்ட் என்பது மிகச் சிறு தொகைதான். ஆயினும் இத்தொழிலில் ஒரு பெயருக்குக் கிடைத்த இலாபம் அதைவிடவும் சிறிதாக இருந்தது.

பிறர் பெயரில் வருவாய்

பொதுச் சொல் ஒன்றைப் பதிந்து விளம்பரம் வைப்பது தன்னளவில் சட்டத்துக்கு மாறானது அன்று. பிறருடைய வணிகக் குறியை அல்லது அதன் எழுத்துப்பிழை வடிவத்தைப் பதியும்போதே சிக்கல் எழுகின்றது. 2010 இல் டைலர் மூர், பெஞ்சமின் எடெல்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, 3,264 முன்னணித் தளங்களைக் குறிவைத்து ஏறத்தாழ 9,38,000 எழுத்துப்பிழைப் பெயர்கள் பதியப்பட்டிருந்ததாக மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை சொடுக்கு விளம்பரங்களாலேயே வருவாய் பெற்றன. தன் பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்த வாடிக்கையாளரைப் பெறுவதற்கு அதே நிறுவனம் விளம்பரக் கட்டணம் செலுத்த நேரிடும் என்பதே இதில் உள்ள முரண்.

1999 இல் ஐகான் ஏற்ற சீரான பிணக்குத் தீர்வுக் கொள்கையின்படி, முறையிடுபவர் மூன்றை நிறுவ வேண்டும்: பெயர் தம் குறியை ஒத்துக் குழப்பம் தருவது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அது தீய நோக்கில் பதியப்பட்டுப் பயன்படுத்தப்படுகின்றது. தரிப்புப் பக்கங்களைப் பொறுத்தவரை நடுவர்கள் பக்கத்தில் உள்ள விளம்பரங்களையே சான்றாக நோக்குவர். "ஆப்பிள்" என்னும் சொல்லைக் கொண்ட ஒரு பெயரில் பழ வணிகரின் விளம்பரம் இருப்பின் அகராதிப் பொருளைக் காட்டிப் பதிந்தவர் வாதிடலாம். கணினி விளம்பரம் இருப்பின் அவ்வாதம் நிற்பது கடினம். விளம்பரங்களைத் தரிப்பு நிறுவனத்தின் மென்பொருளே தெரிவு செய்தது என்னும் விளக்கம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் 1999 ஆம் ஆண்டுச் சட்டம், பெயர் ஒன்றுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு வழங்க இடமளிக்கின்றது. இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. எனினும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், ஆள்களப் பெயருக்கும் வணிகக் குறியின் இயல்புகள் உண்டு என 2004 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இருந்தும் சிறியவர்களுக்கு அது எட்டுவதில்லை. ஒரு பெயரைப் பதிய ஏறத்தாழ 10 டாலர் போதும். அதை மீட்க உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் முறையிடுவதற்கான மிகக் குறைந்த கட்டணமே 1,500 டாலர்.

காலாவதியான பெயர்கள்

தரிப்புத் தொழிலால் சாதாரண மக்கள் பாதிக்கப்படுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. ஒரு சங்கமோ பள்ளியோ சிறு கடையோ பெயரைப் புதுப்பிக்க மறந்துவிடுகின்றது. நினைவூட்டும் மின்னஞ்சல், பணியை விட்டுச் சென்ற ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். ".காம்" பெயருக்குக் காலாவதிக்குப் பின் 45 நாட்கள் வரை புதுப்பிக்கும் காலமும், நீக்கப்பட்டால் 30 நாட்கள் மீட்புக் காலமும், இறுதியாக 5 நாட்கள் காத்திருப்பும் உண்டு. மீட்புக் காலத்தில் கட்டணம் மிக அதிகம். இவை முடிந்து பெயர் விடுபடும் நொடியிலேயே தானியங்கி நிரல்கள் அதைக் கைப்பற்றும். சில பதிவாளர்கள் அதற்கு முன்னரே ஏலத்தில் விற்றுவிடுவதும் உண்டு. அதன் பின்னர் அச்சங்கத்தின் பழைய துண்டறிக்கைகளிலும் பெயரட்டைகளிலும் உள்ள முகவரி, அதனோடு தொடர்பற்ற விளம்பரங்களுக்கே இட்டுச் செல்லும். அம்முகவரிக்கு அனுப்பப்படும் மின்னஞ்சல்களையும் புதிய உரிமையாளர் பெற முடியும் என்பது இதனினும் கவலைக்குரியது.

வருவாய் குறைதல்

முகவரிப் பட்டையில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் நேரடியாகத் தேடுபொறிக்குச் செல்லும் வசதியைக் கூகிளின் குரோம் உலாவி 2008 இல் தொடக்கம் முதலே கொண்டிருந்தது. ஏனைய உலாவிகளும் அவ்வழியே சென்றன. தானாக நிரப்பும் வசதி எழுத்துப்பிழைகளைக் குறைத்தது. திறன்பேசிகளில் மக்கள் முகவரியைத் தட்டச்சு செய்வதே அரிதாகிச் செயலிகளைப் பயன்படுத்தலாயினர். ஊகமும் பிழையும் குறைய, அவற்றை நம்பிய வருவாயும் குறைந்தது. கூகிள் 2012 இல், தனி உரிமையாளர்கள் நேரடியாகப் பெயர்களைத் தரித்து வைக்கும் தன் சேவையை மூடியது. 2024 இன் இறுதியிலிருந்து புதிய விளம்பரதாரர்களின் விளம்பரங்களும், 2025 இல் ஏனையோருடையவையும், அவர்களே விரும்பித் தெரிவு செய்தாலன்றித் தரிப்புப் பக்கங்களில் தோன்றாதவாறு அது மாற்றம் செய்தது.

விளம்பர இணைப்புகளைக் காட்டாமல் பார்வையாளரையே உடனுக்குடன் ஏலத்தில் விற்று, வென்றவரின் தளத்துக்கு நேரடியாகத் திருப்பும் முறை இன்று பரவியுள்ளது. ஏலத்தில் வெல்பவர் யார் என்பது பெயரின் உரிமையாளருக்கே தெரிவதில்லை. போலி எச்சரிக்கைப் பக்கங்களுக்கும் தீநிரல்களுக்கும் இவ்வழியாகப் பார்வையாளர்கள் அனுப்பப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பெயரை விளம்பரத்துக்காக அல்லாமல், "விற்பனைக்கு" என்னும் அறிவிப்புடன் வாங்குபவருக்காகக் காத்து வைத்திருப்போரும் உள்ளனர்.