பதினெட்டோடு முடிந்துவிடுமா சதுரங்கம்?

டிசம்பர் 31 நெருங்க நெருங்க, மதுராந்தகத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் எழுதும் கடிதங்களில் ஒரே கலக்கம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: இவ்வருஷம் 18 வயது நிறைகிற பிள்ளைக்கு ரேட்டிங் ஏறும் காலம் அத்துடன் முடிந்துவிடுமா? 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று முதற்பலகைத் தங்கம் பெற்றதையும், 2024 டிசம்பரில் 18 வயதிலேயே உலக சாம்பியனானதையும் கண்ட ஜில்லாவில், உச்சம் என்பது மீசை முளைக்கும் முன்னரே வந்துபோய்விடும் என்ற அபிப்பிராயம் வேரூன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் உச்ச வயதை நிர்ணயிக்கப் புகுவோர் பலரும் சர்வதேச சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங்கையே பிரமாணமாகக் கொள்கிறார்கள். அந்த எண்ணோ, ஆட்டத்திறனை மட்டுமே அளப்பதாகச் சம்மேளனம் சொல்லிக்கொண்டாலும், ஆடுகிறவரின் வயதைப் பார்த்துத் தன் வேகத்தை மாற்றிக்கொள்கிற விசித்திரம் உடையது. 'கே' என்றொரு பெருக்கெண் இருக்கிறது. 18 வயது நிறையும் வருஷத்தின் கடைசி நாள் வரை, ரேட்டிங் 2300க்குக் கீழே இருக்குமாயின், அது 40. இவ்விரண்டில் ஒன்று கடந்தால் 20. ஒருமுறை 2400ஐத் தொட்டவருக்கு, பிறகு எவ்வளவு இறங்கினாலும், 10.

தம் ரேட்டிங்கே உடைய ஒன்பது பேரோடு ஒன்பது சுற்று ஆடி ஒருவர் ஆறரைப் புள்ளி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கப்பட்டது நாலரை, மிகுதி இரண்டு. அந்த மிகுதியைக் 'கே'யால் பெருக்கினால், பதினேழு வயதுப் பையனுக்கு 80 ஏறும். அதே ஆட்டத்தை அதே திறமையோடு ஆடும் அவனுடைய மாமாவுக்கு 40தான்.

இன்னும் நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. 1600 ரேட்டிங் உள்ள பையன், அதே 1600 உள்ள, பென்ஷன் வாங்கும் பெரியவரை வென்றால், அவனுக்கு 20 கூடுகிறது, அவருக்கு 10 குறைகிறது. இடையில் 10 புள்ளி எங்கிருந்தோ பிறந்துவிடுகிறது. வளரும் பிள்ளையின் திறமை எப்போதும் அவனுடைய எண்ணுக்கு முன்னால் ஓடுவதால், அந்த எண் விரைவில் அவனை எட்டிப்பிடிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இது. சாமர்த்தியமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. எனினும் அது எட்டிப்பிடிக்கும்வரை அவனிடம் தோற்றுப் புள்ளி இழக்கும் பெரியவர், நேற்று ஆடியது போலவே இன்றும் ஆடிக்கொண்டிருந்தாலும், புள்ளிவிவரக்காரர் வரையும் கோட்டில் 'வயதால் தளர்ந்தவர்' ஆகிவிடுகிறார்.

கீழ்மட்ட எண்கள் இப்படித் தேய்ந்துபோனதைச் சம்மேளனமே ஒப்புக்கொண்டு, 2024 மார்ச் மாதம், 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் பற்றாக்குறையில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக் கொடுத்தது. 1500 ஒரே நாளில் 1700 ஆயிற்று. அன்றைய தினம் யாரும் புதிதாக ஒரு காய் நகர்த்தக் கற்றுக்கொண்டுவிடவில்லை. மதுராந்தகம் ஏரியில் நீர்மட்டம் காட்டும் கல்லை இரவோடிரவாகப் பெயர்த்துச் சற்றே கீழே நட்டுவிட்டு, விடிந்ததும் நீர் ஏறிவிட்டதென்று தண்டோரா போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

மற்றக் கேள்விகள்:

உச்ச வயதுதான் எது? ரேட்டிங்கின்படியே பார்த்தாலும் கார்ல்சனுக்கு 23 (2014இல் 2882), காஸ்பரோவுக்கு 36 (1999இல் 2851), நம் ஆனந்துக்கு 41 (2011இல் 2817).

பேஸ்பாலில் உச்ச வயது 27 என்கிறார்களே? அது மட்டை வீசும் உடம்பின் கணக்கு. அதிலும் அணியிலிருந்து பாதியில் கழிக்கப்பட்டவர்கள் பிந்திய வயதுகளின் சராசரியில் வருவதே இல்லை.

18க்குப் பின் ரேட்டிங் ஏறாதா? ஏறும், பாதி வேகத்தில். இறங்குவதும் பாதி வேகத்தில்தான்.

டிசம்பருக்குள் அவசரமாகப் போட்டிகளில் சேர்க்கலாமா? தோல்வியையும் அதே 40தான் பெருக்கும்.

வயதுப்பிரிவுப் போட்டிகளுக்கும் இதே தேதியா? இல்லை, அங்கே அவ்வருஷத்து ஜனவரி 1 அன்றுள்ள வயது.

ஐம்பதில் ஆரம்பிக்கிறவர் கதி? புதியவருக்கு முதல் 30 ஆட்டங்கள் முடியும்வரை, வயது எதுவானாலும், கே 40.