மதிப்பீட்டாளரின் அசிரத்தையும் கடன் நஷ்டமும்

வீட்டையோ நிலத்தையோ ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்கும் ஸ்தாபனம் எதுவாயினும், பணத்தை எண்ணி வைக்குமுன் ஒரு மதிப்பீட்டாளரின் அபிப்பிராயத்தைக் கேட்கிறது. அவர் எழுதித் தரும் தொகை தவறாயின் நஷ்டத்தை யார் ஏற்பது? இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இக்கேள்வியை மிக விரிவாக ஆராய்ந்துள்ளன. அங்கே பிரபுக்கள் சபை அளித்த இரண்டு தீர்ப்புகளை நம் அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

1980-ஆம் ஆண்டில் நாரிச் நகரத்துப் பெண்மணி ஒருவர் எளிய வீடொன்றை வாங்குவதற்காகக் கட்டடச் சங்கம் ஒன்றில் கடன் கேட்டார். அக்காலத்தில் அச்சங்கம், பணம் போட்டவரும் கடன் பெற்றவருமே உரிமையாளராக விளங்கிய ஸ்தாபனம்; நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். மதிப்பீட்டுக் கட்டணமாக அவர் 36 பவுண்டும் சில்லறையும் செலுத்தினார். மதிப்பீட்டாளர் வந்தார். மாடி அறையில் புகைபோக்கியின் அடிப்பகுதி இடித்து அகற்றப்பட்டிருந்ததைத் தம் கண்ணாலேயே கண்டார். அவ்வாறாயின் மேலே எஞ்சி நிற்கும் புகைபோக்கியை எது தாங்குகிறது என்று பார்க்கவேண்டாமா? அவர் பார்க்கவில்லை. அவசியமான பழுதுபார்ப்பு ஏதுமில்லை என்றும், மதிப்பு 16,500 பவுண்டு என்றும் எழுதிக் கொடுத்தார். அதை நம்பிப் பெண்மணி 18,000 பவுண்டுக்கு வீட்டை வாங்கினார். பதினெட்டு மாதங்களில் புகைபோக்கிச் செங்கற்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தன.

அறிக்கையில் ஏற்படும் பிழைக்குச் சங்கமோ மதிப்பீட்டாளரோ பொறுப்பல்லர் என்ற வாசகம் விண்ணப்பத்தில் அச்சிடப்பட்டிருந்தது. எனினும், எளிய வீட்டை வாங்குகிறவர் வேறொரு நிபுணரை அமர்த்தமாட்டார், இவ்வறிக்கையையே நம்புவார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும். ஆகவே அவ்வாசகம் நியாயமற்றது என 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு 1989-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கட்டணம் செலுத்தியவர் அப்பெண்மணியே என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதனால், மதிப்புக் குறைந்தபோதெல்லாம் மதிப்பீட்டாளரைப் பிடிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மதிப்பீடு துல்லியமான கணிதமன்று. திறமையுடைய இருவர் ஒரே தொகையைச் சொல்வது அபூர்வம். சரியான மதிப்பிற்கு மேலும் கீழும் நூற்றுக்குப் பத்து, அசாதாரணச் சந்தர்ப்பத்தில் பதினைந்து வரை வேறுபாடு இருக்கலாம் என 1977-இல் ஓர் ஆங்கில நீதிபதி கூறினார். அவ்வெல்லையை மீறும்போதுதான் அசிரத்தை என்ற பேச்சு எழும்.

அசிரத்தை நிரூபணமானாலும் எவ்வளவு நஷ்ட ஈடு? 1990-ஐ ஒட்டி அந்நாட்டில் சொத்து விலைகள் சரிந்தபோது வழக்குகள் குவிந்தன. ஒரு வழக்கில் 25 லட்சம் பவுண்டு என மதிப்பிடப்பட்ட சொத்தின்பேரில் ஒரு வங்கி 17½ லட்சம் கொடுத்திருந்தது. உண்மை மதிப்பு சுமார் 18 லட்சம். 1992-இல் அது விற்றதோ 9½ லட்சத்துக்கு. வட்டி முதலியன சேர்த்து நஷ்டம் 13 லட்சத்தைத் தாண்டியது. 1996-இல் பிரபுக்கள் சபை, தவறான மதிப்புக்கும் சரியான மதிப்புக்கும் உள்ள வித்தியாசமான 6½ முதல் 7 லட்சம் வரையே மதிப்பீட்டாளர் பொறுப்பு என வரையறுத்தது. சந்தை சரிந்தது அவர் குற்றமன்று. முழங்கால் நன்றாயிருக்கிறது என்று தவறாகச் சொன்ன மருத்துவர், அதை நம்பி மலையேறியவர் முழங்காலுக்குச் சம்பந்தமற்ற விபத்தில் அடிபட்டால் பொறுப்பாவாரா என்று ஹாஃப்மன் பிரபு கேட்டார்.

அத்துடன் தீர்க்கப்பட்ட இன்னொரு வழக்கே நம் சங்க நிர்வாகிகள் ஊன்றிப் படிக்க வேண்டியது. 50 லட்சம் பவுண்டு பெறும் சொத்து 150 லட்சம் என மதிக்கப்பட்டு, 110 லட்சம் கடன் வழங்கப்பட்டது. சொத்து 24 லட்சத்து 77 ஆயிரத்துக்கு விலைபோயிற்று. நஷ்டம் சுமார் 97½ லட்சம். மதிப்பீட்டுப் பிழை 100 லட்சமாதலால் நஷ்டம் முழுவதும் அதனுள் அடங்கிற்று. ஆயினும், கடன் கொடுத்தவரும் தம் பங்குக்கு அசிரத்தையாயிருந்தார் என்று நாலில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. அவ்வாறு கடன் கொடுத்தவர் இழந்த தொகை, அச்சொத்து விலைபோன தொகைக்கு ஏறக்குறையச் சமம்.