அலுவலகச் சிரிப்பில் ‘நாம்’ என்பவர் யார்?

ஒரு நாடகம் வேற்று மொழிக்குப் போகும்போது சொற்கள் மாறும். அது எவரும் எதிர்பார்ப்பதே. ஒரே மொழியைப் பேசும் இரு நாடுகளுக்கிடையே ஒரு நாடகம் இடம்பெயர்ந்தால் என்ன மாற வேண்டும்? ஒன்றும் மாற வேண்டியதில்லை எனத் தோன்றும். ‘தி ஆபிஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் அந்த வரலாறு பயன்படும் என்பதால், இப்பொழிவை அங்கிருந்து தொடங்கித் தமிழுக்கும், பின்னர் நம் ஜொகூருக்கும் வர விரும்புகிறேன்.

ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் ஆகிய இருவரும் எழுதி இயக்கிய இத்தொடர் 2001 ஜூலையில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கியது. இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லவ் நகரில், தாள் விற்கும் நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகமே கதைக்களம். கிளை மேலாளர் டேவிட் பிரென்ட் தம்மைப் பெரிய நகைச்சுவையாளர் என்றும், ஊழியர்கள் தம்மை நேசிக்கிறார்கள் என்றும் நம்புகிறார். இரண்டு நம்பிக்கைகளும் பொய். ஆவணப்படக் குழுவொன்று அங்கே படம்பிடிப்பதாக ஓர் ஏற்பாடு. அதனால் பாத்திரங்கள் அவ்வப்போது ஒளிப்படக் கருவியை நோக்கிப் பேசும், வெறுமனே ஒரு பார்வையும் பார்க்கும். நம் கூத்தில் கட்டியங்காரன் அவையோரிடம் திரும்பிப் பேசுவானே, ஏறத்தாழ அதே வேலை. பதினான்கு பகுதிகளோடு 2003இல் தொடர் முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் என்பிசி நிறுவனம் கிரெக் டேனியல்ஸைக் கொண்டு இதை மறுவாக்கம் செய்து 2005 மார்ச்சில் ஒளிபரப்பத் தொடங்கியது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்டன் நகரம், அதே தாள் வணிகம், டேவிட் பிரென்டுக்கு மாற்றாக ஸ்டீவ் கரேல் நடித்த மைக்கேல் ஸ்காட். முதற்பகுதி பிரித்தானிய மூலத்தை ஏறத்தாழ வரிக்கு வரி பின்பற்றியது. மூலத்தில் டிம் என்னும் ஊழியர் சக ஊழியரின் தாள்தைப்பானை ஜெல்லிக்குள் புதைத்து வைப்பார். அமெரிக்கப் பதிப்பில் ஜிம் அதையே செய்கிறார்; ஆனால் பொருளின் பெயர் ‘ஜெல்லோ’. அமெரிக்கர்களுக்கு ‘ஜெல்லி’ என்றால் ரொட்டியில் தடவும் பழப்பாகு. இங்கே எடுத்தால் அது அகார் அகாராகத்தான் இருக்க முடியும்; நம் வெயிலில் தாள்தைப்பான் அதற்குள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு கேள்வி.

சொல் மாற்றம் எளிது. கடினமாக இருந்தது மனிதரை மாற்றுவது. வரிக்கு வரி எடுத்த அந்த முதற்பகுதி பலருக்கு நிறைவளிக்கவில்லை. கரேலின் மைக்கேல் மற்றொருவரின் சட்டையை அணிந்தவர் போலவே அதில் தெரிகிறார். இரண்டாம் பருவத்திலிருந்து எழுத்தாளர்கள் அவரைச் சற்று அன்பிற்குரியவராக்கினார்கள். அவர் அசடராகவே தொடர்ந்தார். ஆயினும் பொருள் விற்பதில் கெட்டிக்காரர், குடும்பத்துக்கு ஏங்கும் தனியர் என்றும் நமக்குத் தெரிய வந்தது. தொடர் ஒன்பது பருவங்கள், 201 பகுதிகள் என வளர்ந்து 2013 மே மாதம் நிறைவுற்றது.

இந்த வேறுபாட்டை இருநாட்டவரின் குணவேறுபாடு என்று விளக்குவோர் உண்டு: பிரித்தானியர் தோல்வியைக் கண்டு சிரிப்பவர்கள், அமெரிக்கர் வெற்றியை நம்புபவர்கள் என்று. எனக்கு அதில் பாதி உடன்பாடே உண்டு. மீதிப் பாதி, தொழிலின் அமைப்பு. பதினான்கு பகுதிகளில் முடியும் கதையில், உடன் இருக்கவே கூசும் ஒரு மேலாளரைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். ஒன்பது ஆண்டுகள் வாரந்தோறும் அவரை வீட்டுக்கூடத்துக்கு அழைக்க மாட்டார்கள். அதனால்தான் பிரென்ட் இரண்டாம் தொடரின் முடிவில் வேலையிழந்து, வேலையைத் திருப்பித் தருமாறு கெஞ்சுகிறார். மைக்கேலோ ஏழாம் பருவத்தில் தாம் விரும்பிய பெண்ணோடு வாழ வேறு மாநிலம் போகிறார், அலுவலகம் கண்ணீரோடு விடைகொடுக்கிறது.

இரு பதிப்புகளிலும் நிலைத்த ஒரு நகைச்சுவையை மொழியியல் நோக்கில் காண்போம். மேலாளருக்கு அடுத்த நிலையில் தம்மை வைத்துக்கொள்ளும் ஓர் ஊழியர், தாம் ‘உதவி மேலாளர்’ என்கிறார். ‘மேலாளருக்கு உதவியாளர்’ என்று அவரைத் திருத்துகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சிற்றிடைச்சொல் செய்யும் வேலையைத் தமிழில் நான்காம் வேற்றுமை உருபு செய்கிறது. ‘உதவி மேலாளர்’ என்னும் தொகையில் அவர் மேலாளர் வகையினர். ‘கு’ உருபு வந்தவுடன் அவர் பணியாள் ஆகிவிடுகிறார். மலாயிலும் ‘பெனோலோங் பெங்குருஸ்’ என்பதற்கும் ‘பெனோலோங் கெப்பாடா பெங்குருஸ்’ என்பதற்கும் இதே தொலைவு உண்டு. வேற்றுமை உருபை நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

எல்லாம் இவ்வாறு எளிதாகக் கடந்து வருவதில்லை. முதல் தொடரின் இறுதியில் பிரென்ட் ஊழியர்களைக் கூட்டி, ஒரு கெட்ட செய்தியும் ஒரு நல்ல செய்தியும் இருப்பதாகச் சொல்கிறார். கெட்ட செய்தி, பலர் வேலையிழக்கப் போகிறார்கள். நல்ல செய்தி, அவருக்குப் பதவி உயர்வு. அதற்கு முன்பெல்லாம் தம் அலுவலகத்தை ஒரு குடும்பமாகவே அவர் பேசி வந்தவர். அப்பேச்சில் அவர் ஆளும் ஆங்கிலத் தன்மைப் பன்மை, கேட்பவரை உள்ளடக்குகிறதா, வெளியே நிறுத்துகிறதா என்பதைச் சொல்வதில்லை. அந்த மங்கலில்தான் அவர் குடியிருக்கிறார். தமிழில் அவருக்கு அந்த வசதி கிடையாது. ‘நாம்’ என்றால் ஊழியரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் வெளியே. மலாய் பேசும் நம் மாணவர்கள் இதைக் ‘கித்தா’, ‘காமி’ என்னும் இணையில் நன்கறிவார்கள். (தோட்டத்துக் கித்தா மரம் வேறு.) தமிழில் பிரென்டை எழுதுபவர், எந்த வாக்கியத்தில் அவர் ‘நாம்’ என்பதிலிருந்து ‘நாங்கள்’ என்பதற்குத் தாவுகிறார் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். நகைச்சுவை அந்தத் தாவலில் பிறக்கும். மிகுநேர வேலை கேட்கும் நாளில் ‘நம்ம கம்பெனி’ என்றும், போனஸ் கேட்கும் நாளில் ‘என் கம்பெனி’ என்றும் பேசும் முதலாளிகளை நாம் பார்த்ததில்லையா?

ஆங்கில முன்னிலையிலும் இதே நிலை. பிரித்தானிய ஊழியரும் அமெரிக்க ஊழியரும் மேலாளரைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். எல்லார்க்கும் ஒரே முன்னிலைச் சொல். பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளில் முன்னிலைக்கு இரு வடிவங்கள் உண்டு. தமிழில் நீ, நீங்கள் போதாவென்று யாழ்ப்பாண வழக்கில் ‘நீர்’ என்னும் நடுப்படியும் உண்டு. அதற்கு மேல் சார், மேடம், அண்ணன், அக்கா, தம்பி. ஒருவர் மற்றவரை எவ்வாறு அழைக்கிறார் என்பதை முடிவு செய்யாமல் தமிழில் ஓர் அலுவலகக் காட்சியின் முதல் வரியைக்கூட எழுத முடியாது.

இத்தகைய சோதனை தமிழுக்கு 2024 செப்டம்பரில் வந்தது. 2020இல் அமேசான் பிரைம் வீடியோவில் வெளியான ‘பஞ்சாயத்’ என்னும் இந்தித் தொடர், ‘தலைவெட்டியான் பாளையம்’ என்னும் பெயரில் எட்டுப் பகுதிகளாகத் தமிழில் மறுவாக்கம் பெற்றது. ‘மர்மதேசம்’ தொடரால் அறியப்பட்ட நாகா இயக்கினார். அபிஷேக் குமார், சேத்தன், தேவதர்ஷினி ஆகியோர் நடித்தனர். கண்ணாடிச் சுவரும் கணினியும் இல்லாவிடினும் இதுவும் அலுவலக நகைச்சுவையே. நகரத்துப் பட்டதாரி ஒருவர் வேறு வேலை கிடைக்காமல் ஒரு சிற்றூரின் ஊராட்சிச் செயலராக வருகிறார். அந்த ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒரு பெண். ஆட்சி நடத்துபவர் அவர் கணவர்.

இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது; தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. மனைவி பெயரில் கணவர் ஆளும் வழக்கத்துக்கு வடக்கே ‘பிரதான்பதி’ என்று ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. தொடரின் கேலி அதைச் சுற்றியே சுழல்கிறது. அந்தக் கேலியை இந்தியும் தமிழும் வெவ்வேறு இலக்கணத்தால் சுமக்கின்றன.

இந்தியில் ‘பிரதான்’ என்னும் சொல் இருபாலுக்கும் பொது. ஆனால் வினைமுற்று பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஆயே ஹைன்’ என்றால் வந்தவர் ஆண், ‘ஆயீ ஹைன்’ என்றால் பெண். தமிழின் எழுத்து வழக்கில் ‘தலைவர் வந்தார்’ என்பது இருவருக்கும் பொருந்தும். பேச்சு வழக்கோ வேறு. ‘தலைவர் வந்தாரு’ என்று சொன்னால் நாம் ஓர் ஆணைத்தான் எண்ணுகிறோம். பெண்ணுக்கு ‘வந்தாங்க’. அந்த ‘வந்தாங்க’ மிகுமதிப்பு நாடும் ஆணுக்கும் வரும், பலர்பாலுக்கும் வரும். ஆகவே அரசுக் கடிதத்தின் ‘தலைவர் வந்தார்’ மனைவியைக் குறிக்க, தெருவில் சொல்லும் ‘தலைவர் வந்தாரு’ கணவரைக் குறிக்கலாம். இடையில் இருப்பது ஓர் உகரம் மட்டுமே. இந்தியில் இந்தச் சிலேடைக்கு இடமே இல்லை. இந்தி முதற்பருவத்தின் இறுதிப்பகுதியில் அந்தப் பெண் தலைவர் நாட்டுப்பண்ணை மனப்பாடம் செய்து, குடியரசு நாளில் தாமே கொடியேற்றுகிறார். அதே காட்சியைத் தமிழ்ப் பேச்சில் எழுதும்போது, ஊரார் ‘தலைவர்’ என்னும் சொல்லுக்குப் பின் எந்த விகுதியைச் சேர்க்கிறார்கள் என்பதிலேயே அவ்வூரில் அதிகாரம் மாறிய செய்தி அடங்கிவிடும்.

இன்னொரு முடிச்சு ‘ஹம்’. மூலக் கதை நிகழும் பாலியா மாவட்டம் உள்ளிட்ட கிழக்கு உத்தரப் பிரதேசப் பேச்சில் இச்சொல் ஒருமைக்கும் வழங்கும். எனவே ஒவ்வோர் இடத்திலும் நான், நாங்கள், நாம் என மூன்றில் ஒன்றைத் தமிழாக்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலரை ஊரார் ‘சச்சிவ் ஜீ’ என்கிறார்கள்: பதவிப் பெயரும் மதிப்பு ஒட்டும் சேர்ந்த ஒரே விளி. அதையே தமிழில் ‘செயலர் ஐயா’ என்றால் மனு எழுதுவது போலாகும். ‘சார்’ என்றால் அவர் என்றும் வெளியூர்க்காரரே. ‘தம்பி’ என்றால் ஊர் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. எட்டுப் பகுதிகளில் எந்த இடத்தில் எந்த விளி வருகிறது என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே பார்க்கலாம்.

தமிழ்த் தொடர் நிகழ்ச்சிகளில் பெரிதும் இந்தி மூலத்தின் தடத்திலேயே நடந்தது. அமெரிக்கப் பதிப்பின் முதற்பகுதிக்கு நேர்ந்த குறையே இதற்கும் ஓரளவு நேர்ந்தது என்பது என் கருத்து. மூலத்தில் செயலர் வாங்கும் சக்கர நாற்காலி, ஊர்ப் பெரியவரின் நாற்காலியைவிட உயர்ந்து தோன்றுவதால் வரும் மனத்தாங்கல் ஒரு முழுப்பகுதி. பதவியையே ‘நாற்காலி’ என்று வழங்கும் தமிழுக்கு அது மிகப் பொருத்தமான காட்சி. அதில் இரவல் வாடை இல்லை. எல்லாக் காட்சிகளும் அவ்வாறு பொருந்துவன அல்ல.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்க்கு ஒரு முழுமையான பணியிட மொழி இருந்தது. பெரிய துரை, சின்ன துரை, கிராணி, கங்காணி, மண்டோர் என்ற படிநிலையும், பெரட்டு, பால்வெட்டு என்ற வேலைச்சொற்களும் அதில் அடக்கம். துரையின் முன்னே ஒரு பேச்சு, முதுகுக்குப் பின்னே ஒரு பட்டப்பெயர். அலுவலக நகைச்சுவைக்கு வேண்டிய யாவும் அங்கே இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் ஜொகூர் பாரு அலுவலகங்களுக்கும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றபோது, அந்த மொழி உடன் செல்லவில்லை. கூட்டம் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. தமிழ் தேநீர் வேளைக்கு ஒதுங்கிவிட்டது. பணியிடத்தில் அதிகாரத்தோடு பேசப்படாத மொழியில் அதிகாரத்தைக் கேலி செய்வது கடினம். மலேசியத் தமிழில் ஓர் ‘ஆபிஸ்’ எழுத முனைபவர் முதலில் எதிர்கொள்ளப்போவது இதைத்தான்.

ஆனாலும் அவருக்குக் கிடைக்கும் சரக்கு குறைவன்று. நம் நாட்டில் ‘பாஸ்’ என்னும் சொல் மேலாளருக்கும் உண்டு, உணவுக்கடையில் தேநீர் ஆற்றுபவருக்கும் உண்டு. ஒரே காட்சியில் இருவரும் திரும்பிப் பார்க்கலாம். என்சிக், புவான், டத்தோ, அண்ணே யாவும் ஒரே மேசையைச் சுற்றி உலவும். அந்த மேசையில் இரு தமிழர்கள், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்குறைப்புச் செய்தி வருகிறது. தமிழர் ஒருவர் மற்றவரிடம் “நாம என்னண்ணே செய்யறது?” என்கிறார். இலக்கணப்படி ‘நாம்’ கேட்பவரை உள்ளடக்கும் சொல். அந்த மேசையில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்பவர் ஒருவர்தான். மலாய்க்காரர் தலைநிமிர்ந்து, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்கிறார். தமிழர் அதே வாக்கியத்தை மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘கித்தா’ என்பாரா, ‘காமி’ என்பாரா? நாடகம் எழுத விரும்பும் மாணவர் அந்த அரை நொடித் தயக்கத்திலிருந்து தொடங்கலாம்.