ஆட்டுப் பட்டியைக் காக்கும் நாய்க் கருத்தடை

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் பட்டியில் அடைத்திருந்த ஆடுகளை இரவோடு இரவாகத் தெருநாய்கள் குதறிவிட்டுப் போன செய்திகள் 2024, 2025ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தனர். நாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்க 2025இல் அரசு முன்வந்தது. ஆனால் ஐந்தாறு ஆடுகளை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கும் தீபாவளிச் செலவுக்கும் என்று வைத்திருந்த முதல் ஒரே இரவில் போய்விடுகிறது.

ஆத்திரத்தில் பலருக்கும் முதலில் தோன்றுவது இறைச்சியில் குருணை மருந்தைக் கலந்து வைப்பதுதான். இது சட்டப்படி குற்றம். அதோடு அந்த இறைச்சியைத் தின்று வீட்டுக் காவல் நாயும் சாகிறது. வயலில் எலி பிடிக்கும் கீரியும் சாகிறது. இவ்வளவுக்கும் பிறகு நாய்த் தொல்லையாவது தீர்கிறதா என்றால், அதுவும் இல்லை. இதற்குச் சென்னை நகரமே சாட்சி.

சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலையை மாநகராட்சி 1860இல் தொடங்கியதாக புளூ கிராஸ் அமைப்பு கூறுகிறது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. கொல்லும் எண்ணிக்கைதான் கூடியது. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு நூறுக்கும் மேல் என்ற அளவுக்குப் போயிற்று. 1970களின் தொடக்கத்தில் நாய்த் தோல் அவ்வளவு மலிந்து கிடந்ததால், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்து பார்த்ததாக எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் காரணம் விவசாயிக்கு எளிதில் விளங்கும். கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டால் என்ன ஆகும்? நாயைப் பொறுத்தவரை அந்தக் கிழங்கு, தெருவில் கிடக்கும் தீனியே. இறைச்சிக் கடைக் கழிவும், உணவகத்து எச்சிலும், கோழிப் பண்ணையில் செத்த கோழியும் ஓர் இடத்தில் எத்தனை நாய்களுக்குப் போதுமோ, அத்தனை நாய்கள் அங்கே இருந்தே தீரும். இருக்கும் நாய்களை அகற்றினால் அடுத்த தெரு நாய்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். போட்டி குறைவதால் அவற்றின் குட்டிகளில் அதிகமானவை பிழைக்கும். பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்தாலும் பத்துப் பெட்டைகள் ஓராண்டில் 120 குட்டிகள் வரை ஈனலாம். அவற்றில் பெரும்பகுதி செத்தாலும் கொன்ற கணக்கு ஈடாகிவிடும்.

இந்தக் கணக்கை நம் மாநிலத்தில் முதலில் எடுத்துச் சொன்னவர்கள் தொண்டர்களே. விமானியாக இருந்த கேப்டன் வி.சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959இல் தொடங்கியது சென்னை புளூ கிராஸ். 1964 முதலே, கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று அந்த அமைப்பு மாநகராட்சியிடம் கேட்டு வந்தது. மாநகராட்சி இசைந்தது 1996இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே கோரிக்கையோடு அலுவலகப் படி ஏறியவர்களின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னர் 2001இல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அவற்றுக்குப் பதிலாக 2023இல் வெளியான விதிகள் இப்போது நடைமுறையில் உள்ளன.

வேலை நடக்கும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். சென்னையின் மேற்கே உள்ள பாடி ஒரு காலத்தில் ஏரிப் பாசன ஊர். இன்று தொழிற்சாலையும் மேம்பாலமும் நிறைந்த இடம். அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2024இல் சென்னையில் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். மண்டல வாரியாகப் பார்த்தால், பாடியை உள்ளடக்கிய அம்பத்தூர் மண்டலத்தில்தான் மிக அதிகம்.

இத்தகைய இடங்களில் தொண்டர்கள் செய்யும் முக்கியமான வேலை, நாய்களைத் தெரிந்து வைத்திருப்பது. எந்தத் தெருவில் எத்தனை பெட்டை, எது பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது, எது புதிதாக வந்தது என்பதைத் தினமும் சோறு வைப்பவர்தான் சொல்ல முடியும். அவர் கூப்பிட்டால் நாய் அருகில் வரும். வலை போடுவதும் எளிது. இல்லையேல் பிடிப்பவர்களைக் கண்டதும் தெருவே காலியாகிவிடும். பிடித்த நாயைக் கருத்தடை மையத்தில் சேர்த்து, பெட்டையானால் சூலகத்தையும் கருப்பையையும், கடுவனானால் விதைகளையும் மருத்துவர் அகற்றுவார். வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அடையாளமாகக் காது மடலில் சிறிது வெட்டுவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும் பால் கொடுக்கும் தாயையும் பிடிக்கக் கூடாது. புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும்.

“அதே இடத்தில் ஏன் விட வேண்டும்?” என்று எல்லோருமே கேட்கிறார்கள். தன் எல்லைக்குள் அயல் நாயை விடாதது நாயின் குணம். கருத்தடை ஆன, ஊசி போட்ட நாய் அங்கே இருக்கும்வரை ஊசி போடாத நாய்கள் எளிதில் குடியேற முடியாது. அதுவே ஊருக்கு ஒரு வேலி. ஆனால் இது எல்லா நாய்களுக்கும் பொருந்தாது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் தந்த உத்தரவில், வெறிநோய் கண்ட அல்லது மூர்க்கமான நாய்களைத் திரும்ப விடக் கூடாது என்று விலக்கு அளித்தது. நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்த நாய்களை அங்கேயே மீண்டும் விடுவதைத் தடுத்தது. ஆடு கடித்துப் பழகிய கூட்டத்தைத் தனியே அடையாளம் காட்டி மனுக் கொடுப்பது விவசாயிகளின் பொறுப்பு.

பலன் உண்டா? ஜெய்ப்பூரில் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ அமைப்பு 1994 முதல் இப்பணியைச் செய்தது. பெட்டைகளில் சுமார் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் ஊசியும் போட்ட பிறகு, அப்பகுதியில் நாய்கள் சுமார் 28 சதவீதம் குறைந்தன. மனிதருக்கு வெறிநோய் வருவதும் நின்றது. சென்னையில் 1996இல் தொடங்கியும் இன்னும் இவ்வளவு நாய்கள் இருப்பதேன் என்று கேட்பது நியாயமே. களை எடுக்கும்போது வயலில் பாதியை விட்டுவிட்டால் வரும் பலன்தான் இது. நகரம் முழுவதும் ஆண்டுக்குச் சில ஆயிரம் நாய்கள் என்று சிதறலாகச் செய்வதைவிட, ஒரு பகுதியை எடுத்து அங்குள்ள பெட்டைகளில் பத்துக்கு ஏழையாவது முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது.

கிராமத்துக்கும் இதே முறைதான். உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு இது என்று விதிகள் கூறுவதால், ஊராட்சி மன்றத்திலும் கிராம சபையிலும் கேட்கலாம். தெருநாய்கள் பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் இணைந்து, மழைக்கும் பனிக்கும் இடையில் குட்டி ஈனும். ஆகவே ஆடி, ஆவணியிலேயே முகாம் நடத்துவது நல்லது. கார்த்திகையில் குட்டி போட்ட பின் ஓடுவதில் பயனில்லை. வீட்டில் வளர்க்கும் பெட்டைக்கும் கருத்தடை செய்ய வேண்டும். அதன் வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள்.

செத்த கோழி, ஆடுகளைக் கரையோரம் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். இறைச்சி ருசி கண்ட கூட்டமே பிறகு பட்டிக்கு வருகிறது. பட்டிக்குப் படல் மட்டும் போதாது. ஆறடி உயரக் கம்பி வலையின் அடிப்பகுதியை ஓரடி மண்ணுக்குள் புதைத்தால் நாய் பறித்து நுழையாது. ஆடு இறந்தால் உடனே புதைத்துவிடாமல் படம் எடுத்து, கால்நடை உதவி மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்துச் சான்று பெற்றால்தான் இழப்பீடு கேட்க முடியும்.

ஆளை நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளை நினைத்துப் பயப்படுவோர் இன்னும் உண்டு. அந்த மருந்து 2004இல் வழக்கொழிந்தது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடிபட்ட மாட்டுக்கும் காயத்தைக் கழுவி 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் ஊசி போட வேண்டும். வெறிநோய் கண்ட மாடு எச்சில் ஒழுக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும், அடிக்கடி கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது நம்மவர்களிடம் உள்ள வழக்கம். அப்போது கையில் ஒரு சிராய்ப்பு இருந்தாலும் ஆபத்து. அத்தகைய மாட்டின் வாயைத் தொடாமல், தனியே கட்டி வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.