பௌத்திரம்: கத்திக்கு முன் பாதையை அறிதல்

ஆசனவாய்க் குழாயின் உட்சுவரை ஒட்டிய நுண்சுரப்பிகளில் தொற்று ஏற்பட்டுச் சீழ் கட்டினால், அது தசைகளினூடே துளைத்துச் சென்று புறத்தோலில் உடைந்து வடிவதுண்டு. உள்ளே தொடங்கிய இடத்தையும் வெளியே உடைந்த வாயையும் இணைத்தபடி ஆறாமல் நிலைத்துவிடும் பாதையே பௌத்திரம். குரோன் நோய், காசநோய் ஆகியவற்றாலும் இது உண்டாகலாம் என்றாலும், பெரும்பாலானவை சுரப்பித் தொற்றில் தோன்றுபவையே.

இதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே தீர்வு. ஆனால் அதில் இருபுறமும் ஆபத்து உண்டு. மலத்தை அடக்கும் ஆற்றல், தானாக இயங்கும் உட்சுருக்குத் தசை, விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட புறச்சுருக்குத் தசை என்னும் இரு வளையங்களைச் சார்ந்திருப்பதால், அவற்றை மிகுதியாக வெட்டினால் அவ்வாற்றல் குறைகிறது. அஞ்சி ஒரு கிளைப் பாதையையோ சீழ்ப்பையையோ விட்டுவைத்தால் நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. எனவே எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முன்னரே அறிவது இன்றியமையாதது.

அந்த அறிவை எம்.ஆர்.ஐ. தருகிறது. காந்தப்புலத்தைக் கொண்டு, எக்ஸ்-கதிர் இன்றி எடுக்கப்படும் இப்படங்களில், கொழுப்பின் ஒளிர்வை அடக்கிவிட்டால், நீரும் சீழும் நிறைந்த பாதை கருத்த பின்புலத்தில் வெண்கோடாகத் துலங்குகிறது. காடோலினியம் மருந்தை ஊசிவழி செலுத்தினால், சீழ்ப்பையின் சுவர் ஒளிர, நடுவிலுள்ள சீழ் இருண்டே நிற்கிறது. உட்துளை அமைந்த இடத்தைக் கடிகார முகத்தைப் போலக் குறிக்கின்றனர்: மல்லாந்து படுத்திருப்பவரின் முன்பக்கம் 12 மணி, பின்பக்கம் 6 மணி, இடப்பக்கம் 3 மணி.

லண்டன் அறுவை மருத்துவர் ஆலன் பார்க்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976-இல் பௌத்திரத்தை நான்காக வகுத்தனர்: இரு தசைகளுக்கும் இடையே ஓடுவது, புறத்தசையைத் துளைப்பது, தசைகளுக்கு மேலேறி வளைந்து இறங்குவது, தசைகளுக்கு முற்றிலும் வெளியே செல்வது. எம்.ஆர்.ஐ. படங்களுக்கென லீட்ஸ் நகரின் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையில் உருவான வகைப்பாடு ஐந்து படிகள் கொண்டது. முதலிரண்டும் தசைகளுக்கு இடைப்பட்டவை. அடுத்த இரண்டும் புறத்தசையைத் துளைப்பவை. இரண்டாம், நான்காம் படிகளில் சீழ்ப்பையோ கிளைப்பாதையோ சேர்ந்திருக்கும். ஐந்தாவது, இடுப்புத் தளத் தசைக்கு மேலே பரவியது. தாழ்ந்த எளிய பாதையைத் திறந்துவிட்டு ஆற்றலாம். புறத்தசையின் பெரும்பகுதியைக் கடக்கும் பாதையில் செட்டான் எனப்படும் நூலைக் கோத்துச் சீழை வடியவிடுவது போன்ற தசைகாக்கும் வழிகளே ஏற்றவை.

மீண்டும் வந்த பௌத்திரங்களை ஆராய்ந்து 2002-இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு, எம்.ஆர்.ஐ. காட்டிய வழியில் அறுவை செய்தால் நோய் மறுபடி வருவது சுமார் 75 சதவீதம் குறையலாம் என்று காட்டியது. ஆகவே, ஒருமுறை அறுவை செய்தும் சீழ்க்கசிவு நிற்காதவர், அடுத்த அறுவைக்கு முன் இப்படத்தைப் பற்றி மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்பது அவருடைய உரிமை மட்டுமன்று, தம் உடலுக்குச் செய்யும் கடமையும் ஆகும்.