ஜாயிண்டைப் பார்த்து சுவிட்சைப் போடு: ஜெனீவா வளைய இயந்திரத்தின் குளிர்கால மறுதொடக்கம்

மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் மின்சாமான் வியாபாரி. ஒயர், சுவிட்ச், பியூஸ் இவற்றோடு நாற்பது வருஷப் பழக்கம். கல்லூரிப் படி ஏறியதில்லை. ராத்திரி கடை அடைத்த பிறகு புத்தகம் புரட்டித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். ஆகவே எனக்குப் புரிந்த விதத்தில், என் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். விஷயம் ஜெனீவாவில் நடப்பது. அதில் நம்ம இந்தூருக்கும் பங்கு உண்டு.

இயந்திரம் எப்படிப்பட்டது?

ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில், பூமிக்கு அடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் இருக்கிறது. செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையம் அங்கே அமைத்த துகள் முடுக்கியைத்தான் எல்.எச்.சி. என்கிறார்கள். புரோட்டான் கற்றைகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு ஓட்டி, மோதவிட்டுப் பார்ப்பது அதன் வேலை.

நேராக ஓடப் பார்க்கும் புரோட்டானை வட்டத்தில் திருப்பக் காந்தம் வேண்டும். அப்படிப்பட்ட பெரிய காந்தங்கள் 1,232 உண்டு. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. இவற்றில் ஓடும் கரண்ட் 11,000 ஆம்பியருக்கும் மேலே. நம் வீட்டு ஏ.சி. சாக்கெட் 16 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு கரண்டை சாதாரணச் செம்புக் கம்பியில் ஓட்டினால் சூடு தாங்காது. அதனால் நியோபியம், டைட்டேனியம் கலந்த மீக்கடத்திக் கம்பி. திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதற்கு மின்தடையே கிடையாது. விண்வெளியைக் காட்டிலும் அதிகமான குளிர் அது.

குளிர்காலத்தில் ஏன் நிறுத்துகிறார்கள்?

இயந்திரம் ஓடும் ஆண்டுகளில், வழக்கமாக டிசம்பரில் நிறுத்தி இரண்டு மூன்று மாதம் பழுது பார்ப்பார்கள். காரணம் இரண்டு. ஒன்று, பராமரிப்பு. வால்வு, பம்பு, கேபிள், குளிர்சாதனம் எல்லாவற்றையும் ஓடும்போது தொட முடியாது. இரண்டாவது, மின்சாரம். முழு வீச்சில் ஓடும் ஆண்டில் செர்ன் சுமார் 130 கோடி யூனிட் செலவழிக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கவே கரண்ட் அதிகம் தேவைப்படும். அந்தச் சமயம் பார்த்து ஒதுங்கிக்கொள்வது நல்லதுதானே? ஐரோப்பாவில் எரிசக்தி நெருக்கடி வந்த 2022-இல், வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்னதாக நவம்பர் 28-ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தினாலும் காந்தங்களை அறை வெப்பத்துக்கு வர விடமாட்டார்கள். ஏன்னா, குளிரும்போது உலோகம் சுருங்கும். வளையத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் சுமார் 3 கிலோமீட்டர்; முழுக்கக் குளிரும்போது அதன் காந்த வரிசை ஏறத்தாழ 10 மீட்டர் சுருங்கும். வருஷாவருஷம் நீட்டிச் சுருக்கினால் இணைப்புகள் என்ன ஆகும்? காந்தத்தையே மாற்ற வேண்டி வந்தால் மட்டும் அந்தப் பகுதியைச் சூடாக்குவார்கள். 2016 கடைசியில் ஒரு காந்தத்துக்காக அப்படிச் செய்தபோது நிறுத்தம் நீண்டு, 2017 வசந்தம் வரை போனது.

மறுபடி எழுப்பும் படிகள்

சுவிட்சைத் தட்டினால் ஓடிவிடும் இயந்திரம் இல்லை இது. முதலில் ஹீலியத்தை நிரப்பி மறுபடியும் மைனஸ் 271-க்குக் கொண்டுவர வேண்டும். அடுத்தது இன்சுலேஷன் சோதனை. நம்ம ஒயர்மேன் புது வீட்டில் மெக்கர் வைத்துப் பார்ப்பாரே, அதே தத்துவம்தான்: கரண்டை ஓட்டுமுன் உயர்ந்த வோல்டேஜ் கொடுத்து எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது.

மூன்றாவது, பாதுகாப்புச் சுற்றுகள். ஒரு பகுதியில் 154 பெரிய காந்தங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி. ஒரு காந்தத்தில் எங்கோ ஓர் இடம் கொஞ்சம் சூடாகிவிட்டால் அங்கே மின்தடை திரும்பிவிடும். இதை 'க்வென்ச்' என்கிறார்கள். உடனே கண்டுபிடித்து மூன்று காரியம் செய்ய வேண்டும். அந்தக் காந்தம் முழுவதையும் ஹீட்டரால் சீராகச் சூடாக்கி ஓரிடம் மட்டும் உருகாமல் காப்பது. பக்கத்தில் உள்ள டையோடு வழியாகக் கரண்டைத் திருப்பிவிடுவது. மொத்தச் சக்தியையும் பெரிய ரெசிஸ்டர்களில் இறக்குவது. ஒரு பகுதியில் சேர்ந்திருக்கும் சக்தி சுமார் 300 யூனிட். ஒரு குடும்பம் ஒரு மாதம் செலவழிப்பது, இங்கே சில நிமிஷத்தில் இறங்க வேண்டும். அதனால் பொய்யாக ஓர் அபாய சிக்னல் கொடுத்து, காவலாளி விழித்திருக்கிறானா என்று சோதிப்பார்கள்.

இதன் பிறகுதான் கரண்ட். சுரங்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு சாவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு சாவி திரும்பாவிட்டாலும் கற்றையை விட முடியாது. முதலில் குறைந்த கரண்ட், பார்த்துவிட்டு அடுத்த படி, அப்புறம் முழு அளவு. ஒவ்வொரு படியிலும் பதிவான அளவுகளை நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. இப்படி 1,500-க்கும் அதிகமான மின்சுற்றுகள். எல்லாம் முடிந்தபின் கொஞ்சம் புரோட்டானை மட்டும் விட்டுப் பார்த்து, வாரக் கணக்கில் மெள்ள மெள்ளக் கூட்டுவார்கள்.

2008 சொல்லிக்கொடுத்த பாடம்

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கலாம். 2008 செப்டம்பர் 10-இல் முதல் கற்றை சுற்றியது, உலகமே கொண்டாடியது. ஒன்பதே நாளில், செப்டம்பர் 19-இல், கடைசியாக மிச்சமிருந்த பகுதியில் கரண்டை ஏற்றிச் சோதித்தபோது விபத்து நடந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவிலிருந்த ஒரு ஜாயிண்ட் சரியில்லை. அதன் மின்தடை வெறும் 220 நானோ ஓம், அதாவது ஒரு ஓமில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அப்போது ஓடிய கரண்ட் சுமார் 8,700 ஆம்பியர். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, தடையால் பெருக்கினால் வாட் கிடைக்கும். கணக்குப் போட்டேன்: சுமார் 17 வாட். ஒரு டியூப் லைட்டில் பாதிகூட இல்லை!

அந்தச் சின்னச் சூடு மீக்கடத்தியைக் கெடுத்தது. ஜாயிண்ட் உருகி அறுந்தது. மின்பொறி பாய்ந்து ஹீலியக் கூட்டை ஓட்டை போட்டது. சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. அழுத்தத்தில் பல டன் காந்தங்கள் இடம் பெயர்ந்தன. ஹீலியம் காற்றைத் தள்ளிவிட்டால் மனிதருக்கு மூச்சு விட வழியிருக்காது. சோதனையின்போது சுரங்கத்தில் யாரையும் விடவில்லை, உயிர்கள் பிழைத்தன. மேலே கொண்டுவந்து சரிசெய்ய வேண்டியிருந்த காந்தங்கள் 53. மறுபடி கற்றை சுற்ற 2009 நவம்பர் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மற்ற ஜாயிண்டுகளில் முழு நம்பிக்கை வரும்வரை, வடிவமைத்த சக்தியில் ஏறத்தாழப் பாதியளவுக்கே ஓட்டினார்கள். ஒவ்வொரு கற்றைக்கும் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் என்று கட்டிய இயந்திரத்தை 2010, 2011-இல் 3.5-இலும், 2012-இல் 4-இலும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குறைந்த சக்தியில்தான் 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் துகள் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. 2013-இல் தொடங்கிய நீண்ட நிறுத்தத்தில் பத்தாயிரத்துக்கும் மேலான ஜாயிண்டுகளைப் பலப்படுத்தி, 2015-இல் 6.5-க்கும் 2022-இல் 6.8-க்கும் உயர்த்தினார்கள்.

நம்ம ஊர்ப் பங்கு

இந்தூரில் நாம் பழைய பெயரிலேயே 'கேட்' என்று சொல்லும் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் வழியே இந்தியா இதில் பெரிய பங்கு எடுத்தது. அந்தக் காந்தங்கள் உட்கார்ந்திருக்கும், மயிரிழை அளவுக்குத் துல்லியமாக நகர்த்தக்கூடிய ஜாக்கிகள் ஏழாயிரத்துக்கும் மேல் இந்தியாவில் செய்தவை. திருத்தக் காந்தங்கள் ஆயிரத்துக்கு மேல் இங்கிருந்து போயின. மேலே சொன்ன க்வென்ச் ஹீட்டர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிகள் ஐந்தாயிரத்துக்கும் அதிகம். 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பினரும் ஆயிற்று. அதனால் நம் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அங்கே இயற்பியல் பட்டதாரிக்கு மட்டும்தான் இடம் என்று நினைக்க வேண்டாம். வால்வு பார்ப்பவர், கேபிள் சோதிப்பவர், வெற்றிடப் பம்பு தெரிந்தவர் இல்லாமல் அந்த வளையம் ஒரு நாளும் ஓடாது. வீட்டில் எதையாவது கழற்றிப் பார்க்கும் பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றக் கற்றுக்கொடுங்கள். மாட்டிய பிறகு ஜாயிண்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள்.